கீதாரி நாடோடியா?

தை அறுவடை முடிந்து முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டிப் பக்கத்து வயல்களில் அரிதாள் மட்டும் நிற்கும் நாளில், தெற்கேயிருந்து செம்மறி மந்தைகள் வந்து சேரும். இராமநாதபுரம், சிவகங்கை வறள்நிலத்து இடையர் ஓட்டி வருபவை அவை. மந்தைக்குத் தலைவன் கீதாரி. பகலெல்லாம் மேய்ச்சல், இரவில் வயலிலேயே கிடை. புழுக்கையும் சிறுநீரும் மண்ணுக்கு எரு. அதற்கு உழவன் நெல்லோ பணமோ தருவான். மறுநாள் கிடை அடுத்த வயலுக்கு மாறும். காவிரி நீர் வந்து பயிர் எழுமுன் மந்தை விலகிவிடும்.

இவர்களை நாடோடிகள் என்று நம் படித்தவர் ஒதுக்குகின்றனர். போகும் வழியும் பருவமும் கிடை போடும் ஊரும் வரையறுத்து வாழ்பவனா நாடோடி? குறிஞ்சியும் மருதமும் போல முல்லையும் தமிழர் வகுத்த திணையே. ஆட்டின் ஆணுக்கு மட்டும் மோத்தை, தகர், உதள், அப்பர் என நான்கு பெயர்களைத் தொல்காப்பிய மரபியல் தருகின்றது. முல்லைக்கலியோ ஆடு மேய்ப்பாரைப் புல்லினத்தாயர் என்று தனித்தே சுட்டும். இத்துணைச் சொல்வளம் ஏட்டிலிருந்து பிறந்ததன்று; மந்தையின் பின்னே நடந்தவர் வாயிற் பிறந்தது. கிடை போனால் அதனோடு எத்தனை சொற்கள் போகும் என்று எண்ணிப் பார்த்தோமா?

கிடை போய்க்கொண்டுதான் இருக்கின்றது. பசுமைப் புரட்சியோடு வந்த செயற்கை உரம் எருவின் மதிப்பைக் குறைத்தது. அறுவடைப் பொறி வந்தது. அதன்பின் வைக்கோலைக் கட்டி ஏற்றும் பொறியும் வந்தது. 1990களில் கடலோர வெறுநிலங்களில் இறால் பண்ணைகள் எழுந்தன. ஆடு எங்கே மேயும்?

மங்கோலியாவைப் பாருங்கள். அங்கும் மேய்ப்பர் வாழ்வு தளர்ந்து, நாட்டு மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் உலான்பாத்தர் நகரிலே குவிந்துவிட்டனர். 2023-24 கடுங்குளிரில் எழுபது இலக்கத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் மாண்டன. ஆயினும் 1940களில் சோவியத்துச் சார்பால் கைவிட்ட தம் பழைய எழுத்தை, 2025 முதல் அரசு ஆவணங்களில் சிரில்லிய எழுத்தோடு சேர்த்து மீண்டும் ஆளத் தொடங்கியுள்ளனர். மேய்ப்பர் மரபை இழிவென்று அவர்கள் கருதவில்லை. நாமோ 'ஆடு மேய்க்கத்தான் தகுதி' என்று பிள்ளைகளை வைகின்றோம்!

ஆனால் மரபின் பெயரால் ஒரு கொடுமையை மூடி மறைத்தல் தமிழ்ப்பற்று ஆகாது. கடனுக்கு ஈடாக ஏழைச் சிறுவரைக் கிடையிலே விட்டு ஆடு மேய்க்க வைக்கும் வழக்கம் இப்பகுதியில் இருந்து வருகின்றது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்தது. 2018 கசா புயலுக்குப் பின்னும் இத்தகைய சிறுவர் மீட்கப்பட்டனர். பள்ளியில் இருக்க வேண்டிய பிள்ளையின் முதுகில் எந்த மரபும் நிற்க வேண்டியதில்லை. வளர்ந்தோர் கூலி பெற்றுச் செய்யத்தக்க தொழிலே இது.

கீதாரி கேட்பது பெரிதன்று. புறம்போக்கில் மேய்ச்சலுக்கு இடம், வழியில் தண்ணீர், வந்திறங்கும் ஊரிலேயே ஆட்டுக்குத் தடுப்பூசி, பெற்றோரோடு ஊர் மாறும் பிள்ளைக்கு எந்த ஊர்ப் பள்ளியிலும் மறுக்காத இருக்கை. அடுத்த தைக்குள் இவற்றுள் ஒன்றையேனும் நம் ஊராட்சிகள் செய்யட்டும்.