பம்புசெட்டுக்கு வேகப் பெட்டி: மாட்டிவிட்டுப் போனால் போதுமா?

கவலை இறைத்த காலத்தில், சால் நிறையவில்லை என்றால் மாடு ஓட்டுகிறவர் கிணற்றை எட்டிப் பார்த்து இறைப்பை நிறுத்திவிடுவார். பின்னால் வந்த ஆயில் இன்ஜினிலும் கவர்னர் இருந்தது. பாரம் குறைந்து வேகம் ஏறினால் அது எண்ணெயைக் குறைக்கும். வேகம் தணிந்தால் கூட்டும். மின்சார மோட்டாருக்குத்தான் இந்தக் கண் இல்லாமல் போயிற்று. கிணற்றில் தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஒரே வேகத்தில் சுழலும்.

தாம்பரத்தைச் சுற்றி வீட்டுமனைகளுக்கு நடுவே இன்னமும் நெல்லும் கீரையும் போடுகிற சிறு விவசாயிகளுக்கு இது பெரிய தொல்லை. பல்லாவரம், தாம்பரம் பக்கம் அடியில் இருப்பது சார்னோகைட் என்னும் கடும்பாறை. பாறை வெடிப்புகளின் வழியே ஊற்று மெல்லத்தான் கசியும். 5 குதிரைசக்தி மோட்டாரை முழு வேகத்தில் ஓட்டினால், கோடையில் கிணறு சீக்கிரமே அடிதட்டிவிடும். பிறகு மோட்டார் வெறுமனே ஓடிக் காயில் கருகும்.

இதற்கு மாற்றாக இப்போது கடைகளில் வி.எப்.டி. என்னும் வேகம் மாற்றும் பெட்டி விற்கிறார்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்து மோட்டாரின் வேகத்தை இது மாற்றும். கரண்ட் மிச்சமாகும் என்று சொல்லியே விற்கிறார்கள். 1990 முதல் தமிழகத்தில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். அந்த மிச்சத்தால் விவசாயியின் பைக்கு என்ன வரும்? அவருக்கு மிஞ்ச வேண்டியது மோட்டாரும் கிணற்றுத் தண்ணீரும்தான். பெட்டியை மாட்டி 50 ஹெர்ட்ஸில் வைத்துவிட்டுப் போனால் அந்த இரண்டும் மிஞ்சாது.

கிணற்று நீர்மட்டத்தையோ குழாயின் அழுத்தத்தையோ அளக்கும் சென்சார் ஒன்று வேண்டும். அது அனுப்பும் செய்தியைப் பார்த்துப் பெட்டி தானே வேகத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். இதைப் பின்னூட்டக் கட்டுப்பாடு என்பார்கள். சொட்டுநீர்க் குழாயில் அழுத்தம் குறைந்தால் வேகம் ஏற வேண்டும். கிணற்று மட்டம் குறைந்தாலோ வேகம் இறங்க வேண்டும். இந்தத் திசையை மாற்றி அமைத்துவிட்டால், கிணறு வற்ற வற்ற மோட்டார் பறக்கும்!

திருத்தும் வேகத்தையும் பார்த்து வைக்க வேண்டும். அவசரமாகத் திருத்தும்படி வைத்தால் மோட்டார் ஊஞ்சல் போல ஏறி இறங்கும். குழாய் இணைப்புகள் அதிரும். ஆட்டம் காணும் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, பிறகு பாதியாகக் குறைப்பது பழகிய முறை. இதை வயலில் நின்று, தண்ணீர் ஓடும்போதுதான் செய்ய முடியும்.

வேகத்தை எவ்வளவும் குறைக்கலாம் என்று எண்ணுவதும் தவறு. 50 ஹெர்ட்ஸில் 100 அடி தள்ளும் பம்பு 40 ஹெர்ட்ஸில் 64 அடிதான் தள்ளும். அதற்கு மேல் உயரம் இருந்தால் மோட்டார் சுற்றும், தண்ணீர் வராது. நீர்மூழ்கி மோட்டாரை 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஓடவிட்டால் அதன் பேரிங் தேயும். அந்த எல்லைக்கு வந்தும் மட்டம் இறங்கினால், பெட்டி மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். ஊற்று ஊறிய பிறகு ஓட்டிக்கொள்ளலாம். பெட்டி வைத்ததால் ஊற்று பெருகிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வாய்க்காலில் பாய்ச்சுகிறவர், கிணற்றில் தாராளமாகத் தண்ணீர் உள்ளவர் இதற்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. ஊற்று குறைந்த கிணறும் சொட்டுநீரும் உள்ளவருக்கு இது உதவும். அவரும் வயலில் வைத்தே அமைத்துத் தரக் கேட்க வேண்டும். வைத்த அளவுகளைத் தமிழில் எழுதி வாங்க வேண்டும். மானியத்தில் தரும் கருவிகளுக்கும் இதையே நிபந்தனையாக வைத்தால் என்ன?

இன்னொரு சோதனையும் உண்டு. இந்த சென்சார்களில் பல 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை செய்தி அனுப்புபவை. அளவு பூஜ்யமானாலும் 4 வரும். எதுவுமே வராவிட்டால் கம்பி அறுந்தது என்று பொருள். பெட்டியை 0 முதல் 20 என்று வைத்திருந்தால், எலி கம்பியைக் கடித்த அன்று, குழாயில் அழுத்தமே இல்லை என்று அது நினைத்துக்கொள்ளும். மோட்டார் முழு வேகம் எடுத்துக் குழாய் வெடிக்கும். ஆகவே மெக்கானிக் கிளம்புமுன், மோட்டார் ஓடும்போதே சென்சார் கம்பியைக் கழற்றிக் காட்டச் சொல்ல வேண்டும். மோட்டார் நின்றால் பாக்கிப் பணத்தைக் கொடுக்கலாம்.