நெடுந்தீவுக் குதிரைகளைப் பராமரிப்பது யார் கடன்?

குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடற்பயணத்தில் நெடுந்தீவைச் சென்றடையும் உல்லாசப் பயணிகள் தவறாது பார்த்துச் செல்லும் காட்சிகளுள் ஒன்று, அத்தீவின் பரந்த வெளிகளில் கூட்டங்கூட்டமாக மேயும் கட்டாக்காலிக் குதிரைகளாகும். பயணிகள் படம் எடுத்துக்கொண்டு மாலைப் படகில் திரும்பிவிடுகின்றனர். ஆனால், மழையற்ற மாதங்களில் அக்குதிரைகள் எதைக் குடிக்கின்றன, எதை மேய்கின்றன, அவற்றைக் கவனிப்பது யார் பொறுப்பு என்ற கேள்விகள் மாத்திரம் தீவிலேயே தங்கிவிடுகின்றன. கடும் வரட்சிக் காலங்களில் குதிரைகள் நீரின்றி மடிந்து கிடப்பதாக வரும் செய்திகள் நமது வாசகர்களுக்குப் புதியனவல்ல. செய்தி வெளிவந்ததும் சில நாட்கள் பவுசர் மூலம் தண்ணீர் விடப்படுவதும், மழை பெய்ததும் அனைத்தும் மறக்கப்படுவதும் நாம் பலமுறை கண்டவையே.

இதே காலப்பகுதியில் உலகின் வேறு சில இடங்களில் குதிரைகளுடன் தொடர்புடைய மாபெரும் நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவடைத்து வருகின்றன. உதகமண்டலம் குதிரைப் பந்தயத் திடல் 2024 ஜூனிலும், சென்னை கிண்டிப் பந்தயத் திடல் அதே ஆண்டு செப்டெம்பரிலும் தமிழக அரசின் கைக்குச் சென்றன. 1842இல் தொடங்கிய சிங்கப்பூர்க் குதிரைப் பந்தயக் கழகம் 2024 ஒக்டோபர் 5ஆம் திகதி தனது இறுதிப் பந்தயத்தை நடத்தி முடித்தது. செல்வந்தர்களின் பந்தயத் திடலுக்கும் நெடுந்தீவின் வரண்ட வெளிக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். தொடர்பு உண்டு. ஓடுவதற்காக வளர்க்கப்பட்ட விலங்கு, அதனை வளர்த்தவர்களின் கணக்கேடு மூடப்பட்டபின் என்னவாகும் என்பதற்கு நெடுந்தீவே இரு நூற்றாண்டுகால சாட்சியமாகும்.

நெடுந்தீவுக்குக் குதிரைகளைக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கேயர். ஒல்லாந்தர் அவற்றைப் பெருக்கி வளர்த்தனர். அவர்களது குதிரை லாயங்களின் இடிபாடுகளை இன்றும் அங்கே காணலாம். ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்க காலத்தில், லெப்டினன்ட் நோலன் என்ற அதிகாரி தீவின் நிருவாகத்தையும் குதிரை வளர்ப்பையும் ஒருங்கே நடத்தினார். கடல் சூழ்ந்த தீவுக்கு வேலி தேவையில்லை, மேய்ச்சலுக்கு வாடகை இல்லை, பராமரிக்கும் உழைப்பும் உள்ளூரவர்களிடமிருந்தே பெறப்பட்டது. இலாபம் குறைந்தபோது அரசு இத்தொழிலைக் கைவிட்டது. லாயங்கள் பாழடைந்தன, குதிரைகள் எஞ்சின. இன்றுள்ள குதிரைகள் அவற்றின் வழித்தோன்றல்களே.

பந்தயக் கழகங்களின் பொருளாதாரமும் அடிப்படையில் இதற்கு வேறானதன்று. அவற்றின் பிரதான வருவாய் பந்தயப் பணத்திலிருந்து கழித்துக்கொள்ளப்படும் பங்காகும். அதிலிருந்தே பரிசுத்தொகை, ஊழியர் சம்பளம், திடற் பராமரிப்பு ஆகிய யாவும் நடைபெற வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் திடல் என்பது ஒரு புல்வெளி. உண்மையில் அது ஆண்டு முழுவதும் பணத்தை விழுங்கும் ஒன்றாகும். நிலம் இறுகிவிட்டால் குதிரையின் கால் எலும்பு முறியும். அளவுக்கு மிஞ்சி ஈரமானால் வழுக்கும். ஆகவே மண்ணின் ஈரப்பதத்தை அளந்து நீர் பாய்ச்ச வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்தின் பின்னரும் குளம்புகள் பெயர்த்த புற்கட்டிகளைத் திரும்பப் பதித்து, பள்ளங்களை மண்ணிட்டு நிரப்ப வேண்டும். ஒரே தடம் தேய்ந்துவிடாதிருக்க ஓரவேலியை அவ்வப்போது நகர்த்த வேண்டும். வடிகால்களைத் துப்புரவாக வைத்திருக்க வேண்டும். பந்தயம் நடப்பது சில நாட்களே. செலவோ எல்லா நாட்களுக்கும் உரியது.

இத்தகைய செலவைக் கழகங்கள் இத்தனை காலம் தாங்கியதற்குக் காரணம், அவை நிலத்துக்கு உரிய விலையைச் செலுத்தாமையே ஆகும். கிண்டியில் 160.86 ஏக்கர் நிலம் 1946 முதல் 99 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு விடப்பட்டபோது, ஆண்டு வாடகை 614 ரூபா 13 சதம் மாத்திரமே. பெருநகரின் நடுவே அமைந்த நிலத்துக்கு இத்தொகை! 1970 முதல் 2004 வரையான காலத்துக்கு மறுமதிப்பீடு செய்யப்பட்ட வாடகை நிலுவையாக 730.86 கோடி இந்திய ரூபாவைச் செலுத்துமாறு 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. உதகமண்டலத்தில் ஏறக்குறைய 52 ஏக்கருக்கு அரசு கோரிய நிலுவை 822 கோடி ரூபா. கழகம் இவற்றை எதிர்த்து வழக்காடியபோதிலும் நிலம் அதன் கையைவிட்டுச் சென்றது. இதற்கிடையில் இந்தியாவில் பந்தயப் பணத்தின் மீதான பொருள்கள் சேவைகள் வரி 28 சதவீதமாக இருந்து, 2025 செப்டெம்பரில் 40 சதவீதமாக உயர்ந்தது. குதிரை கீழே தள்ளியதுமன்றிக் குழியும் பறித்த கதையாயிற்று கழகங்களின் நிலை.

கழகங்களுக்காக நாம் இங்கு கண்ணீர் வடிக்கவில்லை. கிண்டி நிலத்தில் 118 ஏக்கர் பசுமைப் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்டது. அங்கே வெள்ளநீரைத் தேக்கும் குளங்களும் வெட்டப்பட்டன. சிலருக்குரியதாக இருந்த பொதுநிலம் பலருக்குப் பயன்படுவது வரவேற்கத்தக்கதே. ஆனால் இந்தக் கணக்கில் எவரும் பேசாத ஒரு தரப்பு உண்டு. லாயங்களில் நின்ற குதிரைகளும், அவற்றைத் தேய்த்துக் கழுவி வயிறு வளர்த்த ஊழியர்களுமே அத்தரப்பினர். நிலுவையைப் பற்றிய உத்தரவில் அவர்களுக்கு இடமில்லை.

எமது நாட்டின் அனுபவமும் சிந்திக்கத்தக்கது. காலிமுகத்திடலில் நடந்துவந்த குதிரையோட்டம் 1893இல் கொழும்பு ரீட் அவென்யூவில் அமைந்த திடலுக்கு மாறியது. இரண்டாம் உலகப் போரில் அத்திடல் விமான ஓடுபாதையாகப் பயன்பட்டது. 1956உடன் அங்கே குதிரையோட்டம் நின்றது. இன்று அந்த இடத்தில் றக்பி மைதானமும் கடைத்தொகுதிகளும் உள்ளன. நுவரெலியாவில் 1875இல் அமைக்கப்பட்ட திடலே சித்திரை வசந்த காலத்தின் பெயரால் இம்மரபைத் தாங்கி நின்றது. ஓட்டம் சுருங்கினாலும் சூது சுருங்கவில்லை என்பதே இதிலுள்ள வேடிக்கை. நமது நகரங்களின் பந்தயக் கடைகளில் இங்கிலாந்துக் குதிரைகளின் மீது பணம் கட்டுவோர் இன்றும் உளர். 1988ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பந்தய, சூதாட்ட அறவீடும் அரசுக்குச் சேருகின்றது. எங்கோ ஓடும் குதிரைகளின் பெயரால் திறைசேரி வருமானம் பெறுகின்ற ஒரு நாட்டில், கண்ணெதிரே நிற்கும் குதிரைகளுக்கு ஒரு தொட்டித் தண்ணீர் நிச்சயமில்லை என்பது எவ்வளவு முரண்பாடானது!

நெடுந்தீவில் குதிரைகள் வாழும் பகுதியை உள்ளடக்கி 2015 ஜூனில் தேசிய பூங்காவொன்று பிரகடனப்படுத்தப்பட்டது. அதன் பரப்பு ஏறக்குறைய 1,846 ஹெக்டெயர். சுமார் 50 சதுர கிலோமீற்றர் பரப்பே கொண்ட தீவில் இது மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டதாகும். பிரகடனம் நல்லது. ஆனால் வர்த்தமானி அறிவித்தலைக் குதிரைகள் மேய முடியாது. இக்குதிரை காட்டில் தோன்றிய விலங்குமன்று, எவரது தொழுவத்துக்கும் உரியதுமன்று. ஆகையால் வனஜீவராசிகள் திணைக்களம், பிரதேச செயலகம், பிரதேச சபை ஆகிய மூன்றுக்கும் இடையே பொறுப்பு நழுவிக்கொண்டிருக்கின்றது. 2018 ஒக்டோபரில் பதவிக்காலம் முடிவடைந்த வடக்கு மாகாண சபைக்கு அதன்பின் தேர்தலே நடைபெறவில்லை.

இங்கே தீவு மக்களின் நியாயத்தையும் மறந்துவிடலாகாது. அவர்களும் குடிநீருக்குத் திண்டாடுபவர்களே. முருகைக்கல்லின் மேல் மெல்லிய மண் படிந்த தீவு அது. மழைநீர் விரைவில் கீழிறங்கிவிடும், அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர்நீர் மேலேறிவிடும். சாராப்பிட்டி போன்ற சில இடங்களின் கிணறுகளே நன்னீருக்குப் பேர்போனவை. மக்களின் ஆடுமாடுகளும் அதே புல்லை நம்பியே வாழ்கின்றன. மனிதருக்கு முன்னதாகக் குதிரைக்கு என்று சொல்லும் எந்தத் திட்டமும் நியாயமற்றது மாத்திரமன்றி, நிலைக்கவும் மாட்டாது.

உல்லாசப் பயணத்துறையின் பெயரால், இக்குதிரைகளைப் பழக்கிச் சவாரிக்கு விடலாம், திடல் அமைத்துப் பந்தயம் நடத்தலாம் என்றெல்லாம் யோசனை கூறுவோர் உண்டு. அவர்கள் முதலில் மேற்கூறிய கணக்கைப் பார்க்க வேண்டும். புற்றிடலுக்கு நாளாந்தம் நீர் வேண்டும். குடத்துடன் மக்கள் காத்து நிற்கும் தீவில், ஓடுபாதைக்கு நீர் இறைப்பதை எவ்வகையில் நியாயப்படுத்துவது? கோடிக்கணக்கான பந்தயப் பணம் புரண்ட நகரங்களிலேயே நிலைக்காத தொழில், சில ஆயிரம் பேர் வாழும் தீவில் எவ்வாறு நிலைக்கும்? அது கைவிடப்படும் நாளில் மேலும் ஒரு பாழடைந்த லாயமே நெடுந்தீவுக்கு எஞ்சும்.

தேவைப்படுவது திடல் அன்று, தண்ணீர்த் தொட்டி. பழைய கேணிகளையும் குளங்களையும் மாரிக்கு முன்னர் தூர்வாருதல், குதிரைகள் கூடும் இடங்களில் தொட்டிகளை அமைத்து வரண்ட மாதங்களுக்குரிய நீர் விநியோகத்தை முற்கூட்டியே திட்டமிடுதல், ஆண்டுக்கொருமுறை முறையான கணக்கெடுப்பு, கால்நடை வைத்தியரின் ஒழுங்கான வருகை ஆகியவை பெருஞ்செலவுக்குரியனவல்ல. தீவுக்கு வரும் பயணிகளிடம் சிறியதொரு கட்டணம் அறவிட்டு, அந்நிதியை மக்களின் குடிநீருக்கும் குதிரைகளின் பராமரிப்புக்கும் பகிரலாம். பூங்காவின் காவல் பணிகளில் தீவின் இளைஞர்களையே அமர்த்தலாம். குதிரையால் ஊருக்கும் நான்கு காசு வருமென்றால், அதனைக் காக்க வெளியூரவர் வந்து போதிக்க வேண்டிய அவசியம் இராது.

இதற்கு முன்மாதிரியைத் தேடி வெகுதூரம் செல்லவும் வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் மாட்டுவண்டிச் சவாரி இன்றளவும் நிலைத்திருப்பது, கோடிகள் புரளும் கழகங்களால் அன்று. ஊரவர் ஒன்றுகூடித் தமது சவாரித் திடலைத் தமது சொத்தாகக் கருதுவதனாலேயே அது நிலைக்கின்றது.

2025 மே மாதத் தேர்தலின் மூலம் மீண்டும் மக்கள் பிரதிநிதிகளைப் பெற்றுள்ள பிரதேச சபை, திணைக்களத்தையும் செயலகத்தையும் ஒரே மேசைக்கு அழைத்து, எந்தப் பணிக்கு எவர் பொறுப்பு என்பதை எழுத்தில் நிர்ணயிக்க முன்வர வேண்டும். அது அடுத்த வரட்சிக்கு முன்னரே நடைபெற வேண்டும். அந்நியன் கொண்டுவந்தான், அந்நியனே கைவிட்டான் என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. அவன் சென்று எத்தனையோ காலமாயிற்று. கைவிட்டவர்களின் பட்டியலில் அடுத்த பெயர் எம்முடையதாக இருக்கலாகாது என்பதே எமது கவலை.