குளுகோஸ் பாட்டிலைத் தொடாதே!



முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் எங்க ஆயா வாந்தியும் காய்ச்சலுமாக விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாங்க. குளுகோஸ் ஏறிக்கிட்டு இருந்தது. இப்படிச் சொட்டுச் சொட்டாக விழுந்தால் எப்போ முடியும், திண்டிவனம் பஸ் போயிடுமே என்று, குழாயில் இருக்கும் சின்னச் சக்கரத்தை நானே தள்ளிவிட்டேன். சர்ரென்று இறங்கியது. எனக்கு ஒரே சந்தோஷம். கொஞ்ச நேரத்தில் ஆயாவுக்கு மூச்சு வாங்கியது. நர்ஸ் அக்கா ஓடிவந்து நிறுத்தி, ஆயாவை நிமிர்த்தி உட்கார வைத்து, டாக்டரைக் கூப்பிட்டார். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. "யார் தொட்டது?" என்று கேட்டார். நான் வாயே திறக்கல.

ஆனாலும் அவருக்குத் தெரிந்திருக்கும் போல. மறுநாள் என் நோட்டிலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். 500 மில்லி, 8 மணி நேரம். அந்தக் குழாயில் 20 சொட்டு சேர்ந்தால் 1 மில்லி. மொத்தம் 10,000 சொட்டு, 480 நிமிஷம். நிமிஷத்துக்குச் சுமார் 21 சொட்டுதான் விழணும். வயசானவங்களுக்கு வேகமாக ஏறினால் இதயம் தாங்காது, நுரையீரலில் நீர் கோத்துக்கும். (கணக்குப் பாடம் எதுக்கு என்று கேட்பவர்கள் கவனிக்கவும்!)

எங்க பெரியப்பாவுக்கு வேறு கோபம். ஒவ்வொரு ஊசிக்கும் முன்னாடி, "பாட்டி, உங்க பேர் என்ன?" என்று கேட்கிறார்களாம். "காலையிலதானேம்மா சொன்னோம்?" என்று சண்டைக்கே போய்விட்டார். அதே வார்டில் இரண்டு லட்சுமி இருந்தாங்க என்பது அப்புறம்தான் தெரிந்தது. 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு எச்.ஐ.வி. கிருமி இருந்த ரத்தத்தை ஏற்றிவிட்டார்கள். ரத்த வங்கியில் சரியாகப் பார்க்காததால் வந்த வினை. நூறு தடவை கேட்கட்டுமே, நமக்கு என்ன குறைஞ்சுபோச்சு?

எது நடந்தாலும் நர்ஸ் மேலேயே பழி போடுகிறோம். கூட்டமாகப் போய்க் கட்டிலில் உட்காருவது யார்? பஸ் கம்பியைப் பிடித்த கையோடு இட்லி ஊட்டுவது யார்?

நம்ம திண்டிவனத்துக்கும் இதற்கும் பழைய சம்பந்தம் உண்டு. 1890 வாக்கில் இங்கேதான், ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்தார்கள். ஆண் டாக்டர் பார்க்கக்கூடாது என்று வீட்டார் மறுத்துவிட்டார்கள். உதவி கேட்டு வந்தவர்களிடம், எனக்கு வைத்தியம் தெரியாதே என்று சொல்ல வேண்டியிருந்த இளம்பெண்தான் ஐடா ஸ்கடர். அவர் 1899-ல் அமெரிக்காவில் டாக்டர் பட்டம் வாங்கித் திரும்பி வந்தார். 1909-ல் வேலூரில் நர்ஸ் பயிற்சிப் பள்ளியும் ஆரம்பித்தார்.

தெரியாது என்பதால் அன்றைக்கு மூன்று உயிர். தெரியாமல் கை வைத்தவன் நான். அதனால் ஜே.ஆர்.சி. சாருக்கு என் வேண்டுகோள்: மாசம் ஒரு பீரியடு ஒரு நர்ஸை அழைத்து வந்து, நோயாளியைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். கொடி அணிவகுப்புப் பயிற்சியில் ஒரு நாள் குறைந்தால் பரவாயில்லை. முதல் பெஞ்சில் நான் உட்காருகிறேன்.

ஆயாவிடம் மட்டும் இன்னும் சொல்லல. தயவுசெய்து யாரும் முந்திக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்,
திண்டிவனம்.