கடலுக்கும் ஒரு குடிமராமத்து

திருச்செந்தூர் செல்லும் அன்பர்களுக்கு ஆறுமுகநேரி உப்பளங்கள் பழகிய காட்சி. அவ்வூருக்கு வடக்கே, புன்னைக்காயலில், தாமிரபரணி அன்னை கடலோடு கலக்கிறாள். அந்தக் கழிமுகத்துச் சேற்றில் அலையாத்தி மரங்கள் வேரூன்றி நிற்கின்றன. செந்திலாண்டவனின் பாதம் தொட்டுச் செல்லும் அந்தக் கடலே மன்னார் வளைகுடா. இராமேசுவரம் முதல் கன்னியாகுமரி வரை 10,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அது, இன்று மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் என்னும் பெயரால் பாதுகாக்கப்படுகிறது. அந்தப் பாதுகாப்பில் கரையோர எளிய மக்களின் பங்கு என்ன என்பதை ஆன்மிக அன்பர்கள் அறிந்திருப்பது நன்று.

முற்காலத்தில் ஊர்க் குளத்தைக் காக்கக் குடிமராமத்து என்றொரு முறை இருந்தது. மழைக்கு முன்பாக வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியும் கூடையுமாக வந்து தூர் வாரிக் கரையை உயர்த்துவார். குளத்தை வெட்டுவித்தவர் அரசராக இருக்கலாம்; அதைத் தலைமுறை தலைமுறையாக வாழவைத்தது ஊராரின் உழைப்பே. கடலுக்கு அப்படி ஒரு முறை இருந்ததா? கடல் வற்றாதது, எவ்வளவு எடுத்தாலும் குறையாதது என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது.

அந்த எண்ணத்தின் விளைவைத் தூத்துக்குடிக் கரை கண்டது. கொற்கைக் காலந்தொட்டுப் புகழ்பெற்ற முத்துச் சிப்பிப் பார்களில் 1961-ஆம் ஆண்டுக்குப் பின் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. சுண்ணாம்புக்காகவும் கட்டடக் கல்லுக்காகவும் பவளப் பாறைகள் பல்லாண்டுகள் வெட்டி எடுக்கப்பட்டன. பவளப் பாறை என்பது வெறும் கல்லன்று. சின்னஞ்சிறு உயிர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய கரை. அதுவே அலையின் வேகத்தைத் தணித்துத் தீவுகளைக் காக்கிறது. கரையைப் பெயர்த்தபின் தீவு எவ்வாறு நிற்கும்? இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இருந்த 21 தீவுகளுள் பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரண்டும் நீருள் மறைந்தன.

அரசு விழித்துக்கொண்டது. 1986-இல் தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த ஆழமற்ற கடலும் தேசியப் பூங்கா ஆயின. 1989-இல் வளைகுடாவின் இந்தியப் பகுதி உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2001-இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் அது இடம்பெற்றது. அதே ஆண்டில் பவளமும் கடற்குதிரையும் கடல் அட்டையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன.

உயிர்க்கோளக் காப்பகம் என்பது மனிதரை வெளியேற்றி வேலியிடும் ஏற்பாடு அன்று. கோயிலில் கருவறை, உட்பிராகாரம், வெளிவீதி என்று இருப்பதுபோல அதற்கும் மூன்று அடுக்குகள் உண்டு. நடுப்பகுதி தொடப்படாமல் காக்கப்படும். அதைச் சுற்றிலும் அளவான பயன்பாடு. வெளியே மக்களின் அன்றாட வாழ்வு. வெளிவீதியில் வாழ்பவர் மனமுவந்து ஒத்துழைத்தால்தான் கருவறை காக்கப்படும்.

ஆனால் சட்டத்தின் சுமை முதலில் விழுந்தது ஏழைகளின் தலையில். பாம்பன், மண்டபம் வட்டாரத்துப் பெண்கள் பரம்பரையாகத் தீவுகளைச் சுற்றி மூழ்கிக் கடற்பாசி எடுத்து வாழ்ந்தவர்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கிப் பாறைகளிடையே பாசி பறிப்பது அவர்கள் தொழில். திடீரென்று அவர்கள் போகும் இடம் தடைப்பட்ட இடமாயிற்று. அடுப்பெரிய வேண்டுமே என்ற கவலை ஒருபுறம். காவலர் வருவாரோ என்ற அச்சம் மறுபுறம்.

அப்பெண்கள் கூடிப் பேசினர். மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே கடலுக்குச் செல்வது, இரும்புக் கருவியால் சுரண்டாமல் கையால் மட்டும் பறிப்பது, மீன்பிடித் தடைக்காலத்தில் தாங்களும் ஓய்வது எனத் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டனர். பாசிக்கு மீண்டும் தழைக்க அவகாசம் கிடைத்தது. அவர்களை வழிநடத்திய சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் அமெரிக்காவின் சீகாலஜி பரிசு வழங்கப்பட்டது. ஏகாதசியும் சஷ்டியும் நோற்கும் அன்பர்களுக்கு இதன் அருமை எளிதில் விளங்கும். வயிறு நிறைந்தவர் ஒருநாள் உண்ணாதிருப்பதும் நோன்புதான். அன்றாடங்காய்ச்சி மாதத்தில் பாதிக்கு மேற்பட்ட நாட்கள் கடலைத் தொடாதிருப்பது அதனினும் கடிய நோன்பு.

இராமநாதபுரத்தில் நிறுவப்பட்ட காப்பக அறக்கட்டளை, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு கரையோரச் சிற்றூர்களில் மக்கள் குழுக்களை அமைத்தது. வியாபாரியிடம் முன்பணம் பெற்றவர் அவன் சொல்லும் விலைக்கே சரக்கைக் கொடுத்தாக வேண்டும்; ஆகவே கடலிலிருந்து மேலும் மேலும் எடுக்கத் தூண்டப்படுவார். குழுவின் சுழல்நிதியிலிருந்து சிறுகடன் கிடைத்தபோது அந்தப் பிடி சற்றுத் தளர்ந்தது. கடன்தொல்லை குறையாமல் இயற்கையைக் காக்கச் சொல்வது பசித்தவனுக்கு உபதேசம் செய்வதாகும்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. பாசி எடுக்கும் உரிமை பற்றிய மனக்குறை இன்னும் தீரவில்லை. கடல் வெப்பம் மிகும் ஆண்டுகளில் பவளங்கள் வெளுத்துப்போகின்றன. எனினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. தூத்துக்குடிக்கு எதிரே தேய்ந்து வந்த வான் தீவைக் காக்க, 2015 தொடங்கிச் செயற்கைப் பாறைகள் கடலடியில் இறக்கப்பட்டன. 2022-இல் இந்தக் காப்பகம் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது.

கரையில் வாழ்பவர் தம் பங்கைச் செய்கின்றனர். கரைக்கு வந்து நீராடிச் செல்பவருக்கும் பங்கு உண்டு. கடலாடிய ஈரத்துணியை அலையில் விட்டுவருவதை எந்தத் தெய்வமும் வேண்டுவதில்லை. அந்தத் துணி பவளத்தின் மேலும் மீனவர் வலையிலும்தான் சிக்குகிறது. நெகிழிப் பையில் கொண்டுசென்ற பூவையும் கற்பூரத்தையும் படைத்தபின் பையை வீட்டுக்கே எடுத்துவரலாம். கடைத்தெருவில் பவளத் துண்டோ உலர்ந்த கடற்குதிரையோ விற்கக் கண்டால், பேரப்பிள்ளைகள் கேட்டாலும் வாங்காமல், ஏன் வாங்கலாகாது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லலாம். கோயில் குளத்தில் பாட்டனார் எடுத்த ஒரு கூடை மண்ணுக்கு ஈடாகக் கடலுக்குச் செய்யும் குடிமராமத்து இதுவே.