விழா வாரத்துக்கு முந்தைய வாரங்கள்

காலாண்டுத் தேர்வை ஒட்டிய மாதங்களில், நம் மாநிலத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றுக்கு யாரேனும் ஒருவர் ஒரு வார காலம் தொடர்ந்து போய் வருவாரானால், ஒரு மதிற்சுவருக்குள் இத்தனை காரியங்கள் ஏககாலத்தில் நடைபெறக் கூடுமா என்ற ஆச்சரியம் அவருக்கு உண்டாகாமல் இராது. திங்கட்கிழமைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்து, குறளுக்குப் பொருள் சொன்ன மாணவி மேடையை விட்டு இறங்கியதும், குறுவட்டப் போட்டியில் வென்று வந்த கோ-கோ அணியைத் தலைமையாசிரியர் முன்னே அழைக்கிறார். கைதட்டல் ஓய்வதற்குள்ளாகவே, கலைத் திருவிழாவின் வட்டாரப் போட்டிக்குப் புறப்பட வேண்டியவர்களின் பெயர்கள் வாசிக்கப்படுகின்றன. சற்று நேரத்தில் வேப்பமரத்தடியிலிருந்து உடுக்கையொலி எழுகிறது. நாட்டு நலப்பணித் திட்டத்து மாணவர்கள் தங்களுடைய ஏழு நாள் சிறப்பு முகாமுக்காக மண்வெட்டிகளையும் பாய்களையும் கணக்கெடுக்கிறார்கள். வானவில் மன்றத்துச் சிறுவர்கள் தாம் செய்த அறிவியல் பரிசோதனையை அடுத்த வகுப்புக்குக் கொண்டுபோய்க் காட்ட அனுமதி கேட்டு நிற்கிறார்கள். வெள்ளிக்கிழமை பிற்பகல் இலக்கிய மன்றத்தில் பேச வேண்டியவன், எழுதிய தாளை வைத்துக்கொண்டு தாழ்வாரத்தில் தனக்குத் தானே பிரசங்கம் செய்து கொண்டிருக்கிறான்.

இந்தக் கோலாகலத்தைப் பார்த்துக் கவலைப்படுகிற பெற்றோர்கள் உண்டு. அவர்களுடைய கவலையை அற்பமென்று தள்ளிவிடுவது நியாயமாகாது. கூலி வேலைக்குச் சென்று பிள்ளையைப் படிக்க வைக்கும் தாய், மதிப்பெண் ஒன்றுதான் தன் மகளைக் கரையேற்றும் என்று நம்புவதற்கு இந்தச் சமூகம் போதுமான காரணங்களைக் கொடுத்திருக்கிறது. ஆயினும், ஆட்டமும் பாட்டும் படிப்பைக் கெடுக்கும் என்ற அபிப்பிராயம் அனுபவத்துக்கு ஒவ்வாதது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக நெடுங்காலம் விளங்கிய ஏ. லட்சுமணசுவாமி முதலியாரின் தலைமையில் 1952-இல் அமைக்கப்பெற்ற இடைநிலைக் கல்விக் குழு, 1953-இல் அளித்த தன் அறிக்கையில், பரீட்சையே பள்ளியை ஆளும் நிலைமையைக் கண்டித்து, விளையாட்டையும் கலையையும் மன்றங்களையும் கல்வியின் பிரிக்க முடியாத அங்கங்களாகக் கருத வேண்டுமென்றும், மாணவன் ஆண்டு முழுவதும் செய்த காரியங்களின் பதிவைப் பள்ளியே வைத்திருந்து அவனுடைய இறுதி மதிப்பீட்டில் அதற்கும் இடம் தர வேண்டுமென்றும் வற்புறுத்தியது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தச் சிபாரிசின் பின்பகுதி பெரும்பாலும் ஏட்டிலேயே நின்றுவிட்டதை எண்ணும்போது மனம் வருந்துகிறது.

மரத்தடியில் உடுக்கையொலி எழுந்ததென்று சொன்னேனே, அந்த இடத்தில் சற்றே நின்று பார்க்க வேண்டும். கலைத் திருவிழாவுக்காக வில்லுப்பாட்டுப் பயிலும் பிள்ளைகள் அவர்கள். வேலுநாச்சியாரின் சரித்திரத்தை அவர்கள் எடுத்துக்கொண்டால், 1772-இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதரை அவர் போரில் பறிகொடுத்தது தொடங்கி, விருப்பாட்சியில் அடைக்கலம் புகுந்து, ஹைதர் அலியின் உதவியைப் பெற்று, 1780-இல் சிவகங்கையை மீட்டது வரை, எட்டு ஆண்டுக் கதையைச் சில நிமிஷங்களுக்குள் அடக்கியாக வேண்டும். எதைச் சொல்வது, எதை விடுவது, எந்த இடத்தில் பாட்டு, எந்த இடத்தில் வசனம், பின்பாட்டுக்காரர்கள் எவ்விடத்தில் ஆமாம் போடுவது என்று அந்தச் சிறுவர்கள் தமக்குள் விவாதித்துத் தீர்மானிக்கிறார்கள். பாடப் புத்தகத்தில் அரைப் பக்கமாகப் படித்து, வினா விடையாக எழுதி, பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துவிடக் கூடிய விஷயம், வீசுகோலின் அடியோடும் குடத்தின் தாளத்தோடும் சேர்ந்து அவர்களுடைய நினைவில் நிலைபெற்றுவிடுகிறது. வகுப்பில் எழுந்து நின்று ஒரு பத்தி வாசிக்கக் கூசுகிற பையன், உடுக்கையைக் கையில் கொடுத்தால் இருநூறு பேருக்கு முன்னால் தடுமாறாமல் வாசிக்கிறான். அவனுக்குள் அந்தத் திறமை இருந்ததென்பது அதுவரை ஆசிரியருக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது.

கோ-கோ ஆட்டமும் அத்தகையதே. எட்டுப் பேர் ஒரு வரிசையில் மாறி மாறி எதிர்த்திசை நோக்கி அமர்ந்திருக்க, ஒன்பதாமவள் துரத்துகிறாள். தான் துரத்திப் பிடிக்க முடியாதென்று அறிந்த கணத்தில், உட்கார்ந்திருக்கும் தோழியின் முதுகைத் தொட்டுக் "கோ" என்று குரல் கொடுத்துத் தன் இடத்தை அவளுக்குத் தந்துவிட வேண்டும். கீர்த்தியைத் தானே அடைய வேண்டுமென்று ஒருத்தி பிடிவாதமாக ஓடினாளானால் அணி முழுவதும் தோற்றுப் போகும். பிறருக்கு விட்டுக் கொடுப்பதன் அவசியத்தைக் கால் வலிக்க வலிக்கக் கற்பிக்கும் வித்தை இது. பன்னிரண்டாண்டுப் பள்ளி வாழ்க்கையில் வேறெந்தப் பாடமும் இதை இவ்வளவு தெளிவாகக் கற்பிப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இவ்வளவு சிறப்புடைய ஒரு வாரம் எங்கிருந்து வருகிறது என்பதையே நாம் ஆராய வேண்டும். மேடையில் அரைமணி நேரம் பிரகாசிக்கிற குழுவுக்குப் பின்னால், எவருடைய கண்ணிலும் படாமல் கழிந்த பல சாதாரண வாரங்களின் அப்பியாசம் இருந்தாக வேண்டும். அந்தச் சாதாரண வாரங்களில் நம் பள்ளிகளின் நிலைமை என்ன? பாடவேளை அட்டவணையில் உடற்கல்வி இருக்கிறது, ஓவியம் இருக்கிறது, நூலகமும் இருக்கிறது. ஆனால் அந்த மணி அடித்ததும் வகுப்புக்குள் நுழைகிறவர், பாடத்தை முடிக்க அவகாசம் போதாத கணக்கு ஆசிரியராகவோ அறிவியல் ஆசிரியராகவோ இருக்கிறார். அவரையும் குறை சொல்வதற்கில்லை, தேர்ச்சி விகிதம் குறைந்தால் கேள்வி கேட்கப்படுபவர் அவர்தானே. பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் வந்துவிட்ட பிள்ளைகளுக்கோ பல பள்ளிகளில் மைதானமே விலக்கப்பட்ட பூமியாகி விடுகிறது. ஒன்பதாம் வகுப்பு வரை மாவட்ட அளவில் ஓடிய பெண், பத்தாம் வகுப்பில் காலையிலும் மாலையிலும் சிறப்பு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். பதினான்கு வயதுக்கும் பத்தொன்பது வயதுக்கும் இடையே, தேகமும் மனமும் வேகமாக வளர்கிற பருவத்தில், இரண்டு முழு ஆண்டுகளை அவளிடமிருந்து நாம் பறித்துக் கொள்கிறோம். பாரதியார் தினத்துக்கும் குடியரசு தினத்துக்குமான போட்டிகளில் பதினேழு வயதுக்கும் பத்தொன்பது வயதுக்கும் உட்பட்டோர் பிரிவுகளை அரசே வைத்து நடத்துகிறது; அவற்றில் கலந்துகொள்ள வேண்டிய வயதினரைப் பள்ளி பூட்டி வைப்பது எந்த வகையில் பொருந்தும்?

ஆசிரியர்களின் நிலைமையையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. ஹாரி குரோ பக் என்பவர் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஸ்தாபித்த நாள் முதலாக, உடற்கல்வி ஆசிரியர்களைத் தயாரிப்பதில் நூறாண்டுப் பாரம்பரியம் கொண்ட மாநிலம் இது. அப்படிப்பட்ட மாநிலத்தில் உடற்கல்வி, ஓவியம், இசை, தையல் முதலிய பாடங்களுக்காக 2012-ஆம் ஆண்டு 16,000-க்கும் மேற்பட்டோர் பகுதி நேர ஆசிரியர்களாக நியமிக்கப்பட்டபோது, அவர்களுக்கு விதிக்கப்பட்ட வேலை வாரத்தில் மூன்று அரை நாட்கள், மாத ஊதியம் 5,000 ரூபாய். மே மாதத்துக்கு அதுவும் கிடையாது என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது. பிற்பாடு ஊதியம் சிறிது சிறிதாக உயர்த்தப்பட்டதென்றாலும், பாட்டும் சித்திரமும் ஓட்டமும் வாரத்துக்கு மூன்று அரை நாட்களில் அடங்கிவிடும் என்ற அந்த ஆதி மனோபாவத்தை நான் வன்மையாக ஆட்சேபிக்கிறேன். விழா வாரத்தில் பிள்ளைகளுக்கு உடை வாடகைக்கு எடுக்கவும், வட்டாரத் தலைநகருக்குப் பேருந்தில் அழைத்துச் செல்லவும், திரும்பும் வழியில் பசித்த வயிற்றுக்கு இரண்டு இட்லி வாங்கிக் கொடுக்கவும் தம் சொந்தப் பணத்தைச் செலவழிக்கிறவர்கள் பெரும்பாலும் இத்தகைய ஆசிரியர்களும், பி.டி. சார் என்று பிள்ளைகள் பிரியத்தோடு அழைக்கிற உடற்கல்வி ஆசிரியர்களுமே என்பது பள்ளிகளோடு பழகியவர்கள் அனைவரும் அறிந்த விஷயம். பரிசு பெற்ற பிள்ளையின் புகைப்படம் பத்திரிகையில் வருகிறது. பயிற்சி கொடுத்தவரின் பெயர் அதில் இருப்பது அபூர்வம்.

வேறொரு கவலையும் எனக்கு உண்டு. பொதுத் தேர்வு முடிவுகளில் மாநிலத்தின் முதல் மூன்று இடங்களைப் பிரகடனம் செய்யும் வழக்கத்தை 2017-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு கைவிட்டது. மாணவர்களின் மனத்திலிருந்து ஒரு பெரும் பாரத்தை இறக்கிய நல்ல காரியம் அது. ஆனால் பரீட்சை மண்டபத்திலிருந்து வெளியேற்றப்பட்ட அதே மோகம், மைதானத்தின் வழியாகவும் மேடையின் வழியாகவும் உள்ளே வந்துவிடக் கூடாது. பேச்சுப் போட்டிக்கும் கட்டுரைப் போட்டிக்கும் வினாடி வினாவுக்கும் ஒரே பிள்ளையின் பெயரையே எழுதி அனுப்புவது பள்ளிக்குச் சுலபமாக இருக்கலாம். சான்றிதழ்களும் நிறையச் சேரலாம். 2022-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கலைத் திருவிழா, பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக ஏறிச் செல்லுமாறு அமைந்திருக்கிறது. மாநில மேடையில் கலையரசன், கலையரசி என்று பட்டம் பெறுகிறவர்கள் ஒரு சிலரே. அவர்களைக் கொண்டாடுவதில் தவறில்லை. என் மதிப்பில் அத்திருவிழாவின் மிக முக்கியமான படி அடிப்படியான பள்ளி அளவுப் போட்டியே. அங்கேதான் மேடையேறியே பழக்கமில்லாத பிள்ளை முதன்முதலாக ஏறுகிறது. அங்கே வகுப்பிலுள்ள அத்தனை பேரும் ஏதேனும் ஒன்றில் பங்கெடுக்க இடமிருக்கிறது. அந்தப் படியை ஒரே பிற்பகலில் அவசரமாக முடித்துவிட்டு, ஏற்கெனவே தெரிந்த திறமைசாலிகளைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிற பள்ளி, திருவிழாவின் உத்தேசத்தையே இழந்துவிடுகிறது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்ற ஐந்திணைப் பெயர்களில் மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து 2024-இல் தொடங்கிய மகிழ் முற்றம் என்ற ஏற்பாடு, ஒவ்வொரு பிள்ளையும் ஒரு குழுவைச் சேர்ந்ததாக இருக்கச் செய்வதால், இந்தக் குறையை நீக்குவதற்கு மிகவும் உகந்த சாதனம். அதைச் சிரத்தையோடு நடத்தினால் போதும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகவே பேச வேண்டியிருக்கிறது. பூப்பெய்திய பின் மகளை மைதானத்துக்கு அனுப்பத் தயங்குகிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அவர்களுடைய தயக்கத்தைப் பழமைவாதம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டு நாம் கடமையிலிருந்து தப்பித்துக்கொள்ள முடியாது. போட்டி நடக்கும் இடத்தில் உடை மாற்றிக்கொள்ள ஓர் அறை, தண்ணீர் வசதியுள்ள கழிப்பறை, கூடவே செல்ல ஓர் ஆசிரியை, இருட்டுவதற்கு முன் வீடு சேர்வதற்கு வாகனம் ஆகிய இந்நான்கும் உறுதியாகக் கிடைக்குமென்று தெரிந்தால், மறுப்புச் சொல்கிற தகப்பன்மார்களில் பாதிப் பேர் சம்மதித்துவிடுவார்கள் என்பது என் நம்பிக்கை. மாவட்டம் தோறும் போட்டிகளுக்கு இடம் தேர்ந்தெடுக்கிற அதிகாரிகள், ஓடுபாதையின் நீளத்தை அளப்பதற்கு முன்பாகவே இவற்றைப் பார்த்து வைக்க வேண்டும்.

செய்ய வேண்டிய காரியங்களுக்காகப் புதிய சட்டமோ புதிய திட்டமோ வருமென்று காத்திருக்க வேண்டியதில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழு ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் இருக்கிறது. அதில் பெற்றோர்களே பெரும்பான்மையினர், தலைமை வகிப்பவரும் அவர்களில் ஒருவரே. கட்டடம், குடிநீர், கழிப்பறை முதலியவற்றைப் பற்றிப் பேசுகிற அந்தக் கூட்டத்தில் பாடவேளை அட்டவணையையும் மேஜை மீது வைக்கும்படி அவர்கள் கேட்கலாம். எந்த வகுப்புக்கு உடற்கல்வி எந்தக் கிழமையில் வருகிறது, கடந்த மாதம் அந்தப் பாடவேளையில் வகுப்புக்குச் சென்றவர் யார், பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் அந்தக் கட்டம் ஏன் காலியாக இருக்கிறது என்று அவர்கள் விசாரித்து, கிடைத்த பதிலைக் கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்ய வேண்டும். விழாவுக்கு வந்து கைதட்டுகிற தாய்மார்களும் தகப்பன்மார்களும், ஜூன் மாதத்தில் அட்டவணை எழுதப்படுகிற வாரத்திலேயே பள்ளிக்கு ஒருமுறை போய் இதைக் கேட்டுவிடுவார்களானால், தலைமையாசிரியரும் அவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவராவார்.