வழிப்பிள்ளையாருக்கு யார் வீட்டுத் தேங்காய்?

கோவையில் கணினி வைத்திருக்கும் அன்பர்களுக்கும் பெற்றோருக்கும் மாணவர்களுக்கும் ஒரு பொது வேண்டுகோள்.

நம் நகரின் கல்லூரி ஒன்றில், கணினி ஆய்வகத்தில் சென்ற மாதம் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். ‘வைரஸ்’ என்றும் ‘ஹேக்கிங்’ என்றும் அது வாட்ஸ்அப்பில் சுற்றியது. இரண்டுமே இல்லை. அங்கிருந்த 40 கணினிகளிலும் யாரோ ஒருவர் நிர்வாகத்திடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், கணினியின் ஓய்வு நேரத்தை அறிவியல் ஆய்வுக்குக் கொடுக்கும் பாயிங்க் (BOINC) மென்பொருளை ஏற்றி, இரவு பகலாக ஓடவிட்டிருக்கிறார். நினைவகம் குறைந்த பழைய கணினிகள் அவை. செய்முறைத் தேர்வு நாளில் திணறி நின்றுவிட்டன. பிள்ளைகள் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள்.

இப்போது நிர்வாகக் குழு கூடப்போகிறது. அதே கல்லூரியில் சனிக்கிழமைதோறும் நாங்கள் நடத்திவரும் இலவசப் பயிற்சியை நிறுத்துவது பற்றி அங்கே முடிவெடுக்கப்போகிறார்கள். வீட்டுக் கணினி சும்மா இருக்கும் நேரத்தை அறிவியல் ஆய்வுக்குக் கொடுப்பது எப்படி என்று சொல்லித்தரும் பயிற்சி அது. எவரோ செய்த காரியத்துக்கு நாங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த நபர் ஏன் செய்தார் என்று எங்களுக்கு நன்றாகவே தெரியும். புள்ளிகள்! முடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு வொர்க் யூனிட்டுக்கும், அதாவது கணக்குத் துண்டுக்கும், ஆய்வுத் திட்டங்கள் புள்ளி வழங்குகின்றன. உலகத் தரவரிசை, நாட்டுத் தரவரிசை, அணித் தரவரிசை என்று பட்டியல்களும் உண்டு. அதில் நாலு படி மேலே ஏறுவதற்காகத்தான் இத்தனையும். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்துவிட்டுத் தன்னைத் தர்மவான் என்று சொல்லிக்கொள்கிறவரை என்னவென்று அழைப்பது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். முழு வேகத்தில் ஓடும்போது கணினிக்கு 60 வாட் கூடுதலாகச் செலவாகிறது என்றே வைத்துக்கொள்வோம். 40 கணினிக்கு 2,400 வாட். 24 மணி நேரத்துக்கு 57.6 யூனிட். 30 நாளில் 1,728 யூனிட். அந்தச் சூட்டைத் தணிக்க ஓடிய ஏசி இதில் சேரவில்லை. இந்தப் பணம் யாருடையது? பிள்ளைகள் கட்டிய கட்டணம்.

இது ஏதோ நம்மூர் விளையாட்டுத்தனம் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றின் கணினிகளில் 1999-இல் ஊழியர் ஒருவர் இப்படித்தான், கணினிகளின் ஓய்வு நேரத்தைத் திரட்டும் டிஸ்ட்ரிபியூட்டட் டாட் நெட் நிரலை ஏற்றினார். விநாடிக்கு 59 சென்ட் என்று கணக்கிட்டு 4,15,000 டாலர் நஷ்டம் என்றார்கள். பல ஆண்டுச் சிறைவாசம் தலைக்குமேல் தொங்கியது. கடைசியில் 2002-இல் ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 2,100 டாலர் இழப்பீடு, 80 மணி நேரச் சமூகப் பணி என்று முடிந்தது. 2009-இல் அரிசோனாவின் ஹிக்லி பள்ளி மாவட்டத்தில், வேற்றுக்கிரகவாசிகளைத் தேடும் செட்டி அட் ஹோம் ஆயிரக்கணக்கான பள்ளிக் கணினிகளில் பல ஆண்டுகளாக ஓடியது வெளிவந்தது. 10 லட்சம் டாலருக்கு மேல் செலவு என்றது மாவட்ட நிர்வாகம். தொழில்நுட்பப் பொறுப்பாளர் பதவி விலகினார். 

நம் நாட்டுச் சட்டமும் கண்ணை மூடிக்கொண்டில்லை. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவின்படி, உரிமையாளர் அனுமதியின்றி அவர் கணினியில் கைவைத்தால் இழப்பீடு தர வேண்டியிருக்கும். அதையே நேர்மையற்ற நோக்கத்தோடோ மோசடியாகவோ செய்தால் 66-ஆம் பிரிவு வருகிறது: மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘நல்ல காரியத்துக்குத்தானே சார் செய்தேன்’ என்று காவல் நிலையத்தில் போய்ச் சொல்லிப் பாருங்கள்! சொந்தக் கணினியிலோ, உரிமையாளர் சம்மதித்த கணினியிலோ மட்டுமே ஓட்ட வேண்டும் என்று இந்தத் திட்டங்களின் விதிமுறைகளிலேயே எழுதியிருக்கிறது. படித்தால்தானே?

எங்களுக்கு ஆத்திரம் வருவதற்குக் காரணம் உண்டு. இந்தக் கணினி நேரக் கொடை எவ்வளவு பெரிய வேலைகளைச் செய்திருக்கிறது என்பதை நாங்கள் அறிவோம். கொரோனா வைரஸின் புரதங்கள் எப்படி அசைகின்றன என்று ஆராய்ந்த ஃபோல்டிங் அட் ஹோம் திட்டத்துக்கு, 2020-இல் உலகமெங்கும் மக்கள் தங்கள் கணினிகளைத் திறந்துவிட்டார்கள். அந்த மார்ச்சில் அது எக்ஸாஃப்ளாப் எல்லையைக் கடந்தது. விநாடிக்கு 1-க்குப் பின் 18 சுழியம் போட்ட அளவு கணக்கு! எந்த சூப்பர் கம்ப்யூட்டரும் அதுவரை தொடாத எல்லை. 2010-இல் ஐன்ஸ்டைன் அட் ஹோம் திட்டம் ஒரு புதிய பல்சர் விண்மீனைக் கண்டுபிடித்தது. அதை முதலில் பிடித்தவை அயோவா மாநிலத் தம்பதி ஒருவரின் கணினியும், ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்துத் தன்னார்வலர் ஒருவரின் கணினியும். வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட் திட்டம் 2016-இல் காசநோய்க் கிருமியின் மேலுறையை ஆராயத் தொடங்கியது. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியர். இது யாரோ எவருக்கோ செய்யும் தர்மம் இல்லை.

ஆகவே, விரும்புகிறவர்கள் சொந்த வீட்டில், சொந்தக் கணினியில், சொந்த மின்கட்டணத்தில் செய்யுங்கள். செய்வதை ஒழுங்காகச் செய்யுங்கள்.

மென்பொருளை அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். ‘கேன்சர் ஆராய்ச்சிக்கு’ என்று பென் டிரைவில் கொண்டுவந்து கொடுத்தால் வாங்காதீர்கள். அதற்குள் கிரிப்டோ மைனிங் நிரல் இருந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. நிறுவியதும் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, பிராசஸரில் பாதிக்கு மேல் எடுக்காதபடி குறையுங்கள். நீங்கள் வேலை செய்யும்போது தானாக நின்றுவிடும்படியும் வையுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை என்று நேரம் குறிக்கவும் வசதி உண்டு. அதே 60 வாட் கணக்கில் பார்த்தால் இரண்டு மாதத்துக்கு 29 யூனிட்டுக்குள் அடங்கும். பெரிய கிராஃபிக்ஸ் கார்டு போட்ட கணினியை நாள் முழுக்க ஓட்டினால் கதை வேறு: கூடுதலாக 100 வாட் என்றாலும் 144 யூனிட். வீட்டின் இரண்டு மாத மொத்தக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைக்கும் சலுகையும் கையைவிட்டுப் போகும். வீட்டில் பில் கட்டுகிறவரிடமும் முன்கூட்டிக் கேளுங்கள். அனுமதி என்பது அங்கேயும் தேவைதான்.

இன்வெர்ட்டர் விஷயத்தைப் பலர் யோசிப்பதில்லை. லேப்டாப் தன் பேட்டரியில் ஓடினால் மென்பொருள் தானே நின்றுவிடும். வீட்டு இன்வெர்ட்டர் லைனில் மாட்டிய கணினிக்கோ கரண்ட் போனதே தெரியாது. அது பாட்டுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். நள்ளிரவில் மின்விசிறி நிற்கும்போதுதான் உங்களுக்குத் தெரியவரும். கணினியை அந்த லைனிலிருந்து கழற்றிவிடுங்கள். கரண்ட் போனாலும், திரும்பி வந்ததும் கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து வேலை தொடரும். ஓடும் கணினி சூடாகும் என்பதால், கேபினெட்டுக்குள் தூசி அடைந்திருந்தால் முதலில் அதைத் துடையுங்கள்.

பத்து நாள் வேலையை மொத்தமாக இறக்கிக்கொண்டு மூன்றாம் நாள் மென்பொருளை அழித்துவிட்டுப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் முடிக்காத வொர்க் யூனிட் கெடு முடியும்வரை அங்கே காத்துக் கிடக்கும். பிறகுதான் இன்னொருவருக்குப் போகும். விலக வேண்டுமானால் புதிய வேலை வேண்டாம் என்று குறித்து, கையில் உள்ளதை முடித்துக் கொடுத்துவிட்டு விலகுங்கள்.

கல்லூரி நிர்வாகத்துக்கு எங்கள் வேண்டுகோள்: தவறு செய்தவரைக் கண்டுபிடித்து நடவடிக்கை எடுங்கள், நாங்கள் குறுக்கே நிற்க மாட்டோம். ஆனால் அனுமதி கேட்டு, கையெழுத்துப் போட்டு, சனிக்கிழமை இரண்டு மணி நேரம் மட்டும் வருகிறவர்களை அதே கணக்கில் சேர்க்காதீர்கள். பயிற்சிக்குப் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோர்களே, குழு கூடும் முன் நிர்வாகத்துக்கு நாலு வரி எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் வதந்தியை ஃபார்வர்டு செய்ய நேரம் இருந்தவர்களுக்கு இதற்கும் நேரம் இருக்கும்.

புள்ளிக்காக அலைகிறவர்களுக்கு: அலுவலகம், பள்ளி, நூலகம், பிரவுசிங் சென்டர் என்று எங்கேயாவது அனுமதியில்லாமல் ஏற்றி வைத்திருந்தால் இன்றே அகற்றிவிட்டு, பொறுப்பாளரிடம் உண்மையைச் சொல்லுங்கள். இனி அப்படி ஒருவர் அகப்பட்டால் எங்கள் அணியிலிருந்து நீக்குவதோடு நிறுத்த மாட்டோம். கணினியின் உரிமையாளரிடம் நாங்களே போய்ச் சொல்வோம். அவர் புகார் கொடுக்க விரும்பினால் சாட்சிக் கையெழுத்தும் போடுவோம்.

இப்படிக்கு,
கோவையில் வீட்டுக் கணினிகளை ஆய்வுக்கு அளித்துவரும் தன்னார்வலர்கள்