விமானியைத் துரோகி என்பது யார்?

நட்டத்தில் உழலும் ஸ்ரீலங்கன் விமான சேவையை விட்டுப் பிறநாட்டு நிறுவனங்களில் அமரும் விமானிகளை நன்றி கெட்டவர்கள் என்று ஏசுவதற்கு ஒரு கூட்டம் இந்நாட்டிலே உண்டு. 2022 இல் ரூபாவின் மதிப்பு சரிந்தது. 2023 சனவரியில் வருமான வரி 36 சதவீதம் வரை ஏறிற்று. விமானிகள் ஒருவர்பின் ஒருவராக விலகினர். “தேசிய விமான சேவை தள்ளாடும் வேளையிலே அதனைக் கைவிட்டுப் போகலாமா?” என்பது அவர்கள்மீது வீசப்படும் கேள்வி. போகலாம் என்பதே எமது பதில்.

தள்ளாட வைத்தவர் யார்? விமானியா? 1998 முதல் எமிரேற்ஸ் நிர்வகித்து வந்த நிறுவனம் இது. 2007 டிசெம்பரில், இலண்டனிலிருந்து திரும்பவிருந்த சனாதிபதியின் பரிவாரத்துக்கு இடமளிப்பதற்காக, காசு கொடுத்து ஆசனம் பெற்ற பிரயாணிகளை இறக்கிவிட நிறுவனம் மறுத்தது. அந்தக் ‘குற்றத்துக்காக’ அதன் பிரதம நிறைவேற்று அதிகாரியின் தொழில் அனுமதி பறிக்கப்பட்டது! அடுத்த ஆண்டே எமிரேற்ஸ் நிர்வாகத்திலிருந்து விலகிற்று. 2010 இல் அதன் பங்குகளை அரசு 5 கோடி 30 இலட்சம் டொலருக்கு வாங்கிக்கொண்டது. பின்னர் ஏ-350 ரக விமானங்களைக் குத்தகைக்குப் பேசி, 2016 இல் அவற்றை வேண்டாமென்று சொல்வதற்கு மட்டும் ஏறக்குறைய 10 கோடி டொலர் தண்டம் கட்டப்பட்டது. இலங்கைக்கு விமானம் விற்பதற்காக, இந்நிறுவனத்தின் அதிகாரி ஒருவருடைய மனைவியின் கம்பனிக்கு 20 இலட்சம் டொலர் கொடுத்த கதை 2020 சனவரியில் பிரித்தானிய நீதிமன்றத்திலே எயார்பஸ் ஒப்புக்கொண்ட விவரங்களுள் ஒன்று. திறைசேரி பிணைநின்ற 17 கோடி 50 இலட்சம் டொலர் கடன்பத்திரம் 2024 சூனில் முதிர்ந்தபோது பணம் கொடுபடவில்லை. இவற்றுள் எந்தப் பத்திரத்தில் விமானி கையொப்பமிட்டான்?

இந்த நட்டத்தைச் சுமந்தவருள் வன்னி விவசாயியும் ஒருவன். 2021 மே மாதத்தில் ஒரே வர்த்தமானி அறிவித்தலால் இரசாயன உரம் அவனுக்கு இல்லையென்றாயிற்று. விமானக் கம்பனிக்கு மட்டும் பொதுப் பணத்தின் வாசல் அடைபடவேயில்லை.

‘தேசிய’ என்ற சொல்லையும் சற்றுப் பார்ப்போம். 1947 டிசெம்பர் 10 ஆம் நாள் எயர் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகவே சென்னைக்குப் பறந்தது. 2019 இல் பலாலியிலே சர்வதேச விமான நிலையம் திறந்தபோது சென்னையிலிருந்து வந்து இறங்கியதோ இந்தியக் கம்பனியின் விமானம். தேசிய சேவைக்கு அன்று தெரிந்த வழி பின்னர் மறந்துபோயிற்றுப் போலும்! தனிச்சிங்களச் சட்டத்தின் பின் எத்தனையோ தமிழ் உத்தியோகத்தர் கடல் கடந்தனர். வாசலை அடைத்தவரே போனவனைப் பழித்த கதை நமக்குப் புதிதன்று.

ஆயினும் கோபத்தால் மட்டும் எவரும் விலகலாகாது. விமானியின் முதுசம் அவனது சேவை மூப்பு. கப்டன் பதவி, நல்ல வழித்தடம், விடுமுறை எல்லாம் அதனைப் பொறுத்தவை. கம்பனி மாறினால் அந்த மூப்பு கூட வராது. பல இடங்களிலே கப்டனும் துணை விமானியாய் மீண்டும் தொடங்க நேரிடும். ஐம்பது வயதைத் தாண்டியவர், பிள்ளைகளின் படிப்பைக் கொழும்பிலே வேரூன்ற வைத்தவர், தங்குவதில் நியாயமுண்டு. அவரை ஏமாளி என்பதும் தவறு.

ஆனால் இளையவருக்குக் காலம் முக்கியம். இந்தியாவின் ஜெற் எயர்வேஸைப் பாருங்கள். 2019 இன் தொடக்கத்திலிருந்தே சம்பளம் நிலுவை. முதலீடு வரும், வங்கி கைகொடுக்கும் என்ற வாக்குறுதிகளை நம்பிப் பலர் காத்திருந்தனர். ஏப்ரல் 17 இல் கடைசி விமானமும் புறப்பட்டது. ஏறத்தாழ ஆயிரம் விமானிகள் ஒரே சந்தையிலே ஒரே வேளையில் வேலை தேடினர். குறைந்த சம்பளத்தைப் பலர் ஏற்க வேண்டியதாயிற்று. வெங்காயம் எல்லாத் தோட்டத்திலும் ஒன்றாய்க் கிண்டப்பட்டால் விலை என்னாகும் என்பது யாழ்ப்பாண விவசாயிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேலும், 90 நாளுக்குள் மூன்று முறையாவது ஏற்றி இறக்காத விமானி மறுபரிசோதனையின்றிப் பிரயாணிகளை ஏற்றிச் செல்ல முடியாது. தரையிலே நிற்கும் விமானத்துக்கு விசுவாசமாயிருப்பவன் தன் தொழிலையே இழக்கத் தொடங்குகிறான். 2024 நவம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் ஜெற்றைக் கலைத்துவிட உத்தரவிட்டது. ஐந்தரை ஆண்டு காத்திருந்தவனுக்குக் கிடைத்த விடை அது!

சம்பளம் ஒழுங்காய் வருகின்றதா, சேமலாப நிதி உரிய நாளிலே கட்டப்படுகின்றதா, உதிரிப்பாகமின்றி எத்தனை விமானங்கள் நிற்கின்றன என்பவற்றை விமானி தானே விசாரித்தறிய வேண்டும். அமைச்சரின் பேச்சிலே அவற்றுக்கு விடை கிடையாது. பயிற்சிக்காகக் கம்பனி செலவிட்டு ஒப்பந்தம் எழுதியிருந்தால் அக்கடனைத் தீர்த்துவிட்டே போகவேண்டும். முன்னறிவித்தற் காலத்தையும் முழுமையாகப் பறந்து முடிக்க வேண்டும். ஏனெனில் அவன் திடீரென விலகினால் கட்டுநாயக்காவிலே இரவு முழுவதும் தவிப்பவர் அமைச்சரல்லர், குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகும் ஏழைப் பெண்.